கம்பளத்தின் ஆயுள் கண்ணுக்குத் தெரிவதில்லை

'காபெற்' என்ற சொல்லைக் கேட்டதும் இலங்கையில் வாழும் தமிழருக்கு முதலில் நினைவுக்கு வருவது வீடன்று; வீதிதான். 'எங்கள் வீதிக்குக் காபெற் போடப் போகிறார்களாம்' என்பது தேர்தல் நெருங்கும் காலங்களில் ஊருக்கு ஊர் கேட்கின்ற செய்தி. திறப்பு விழா நாளன்று கறுத்து மினுங்கும் வீதியைக் கண்டு மகிழாதவர் எவருமிலர். ஆயினும், அந்த வீதி இரண்டு மாரிகளைத் தாங்குமா, பத்து மாரிகளைத் தாங்குமா என்பதைத் தீர்மானிப்பது மேலே தெரியும் கறுப்புப் படை அன்று. அதன் கீழே இடப்பட்ட கல்லும், அக்கல் இறுக்கப்பட்ட முறையும், மழைநீர் வடிந்தோட விடப்பட்ட வழியுமே அதனைத் தீர்மானிக்கின்றன. அவை எவையும் திறப்பு விழாவுக்கு வந்தவர்களின் கண்ணுக்குத் தெரிவதில்லை.

இலண்டனிலும் ரொறன்ரோவிலும் ஒஸ்லோவிலும் மெல்பேர்ணிலும் வாழும் எம்மவர்க்குக் காபெற் என்பது வீட்டுத் தரையை மூடிக் கிடக்கும் கம்பளம். வீதிக் காபெற்றுக்கும் வீட்டுக் காபெற்றுக்கும் பெயர் மாத்திரமன்றி விதியும் ஒன்றே. இரண்டின் ஆயுளும் கண்ணுக்குத் தெரியாத இடத்திலேயே இருக்கிறது. கண்ணுக்குத் தெரிவதைக் காட்டி விற்பவர் விற்கிறார். கண்ணுக்குத் தெரிவதை நம்பி வாங்குபவர் வாங்குகிறார். இந்த வியாபாரத்தில் நட்டப்படுபவர் யார் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இதுவும் ஒரு பொருளா என்று வாசகர்கள் சிலர் எண்ணக்கூடும். போர், புலப்பெயர்வு, அரசியல் தீர்வு என்று எழுத எத்தனையோ இருக்கையில் காபெற் பற்றி எழுதுவானேன் என்று கேட்கவும் கூடும். புதிதாக வீடு வாங்கும் ஒரு குடும்பத்தை எண்ணிப் பாருங்கள். முற்பணம் கட்டி, சட்டத்தரணிக்குக் கொடுத்து, வங்கியின் ஈட்டுக்கடன் தவணையும் தொடங்கிய பின்னர் கையில் மிஞ்சுவது சொற்பமே. அந்தச் சொற்பத்திலிருந்துதான் தரைக்கும் செலவிட வேண்டியிருக்கிறது. காரொன்றை வாங்கும்போது பத்துப் பேரிடம் விசாரிக்கும் குடும்பம், காபெற் வாங்கும்போது நிறத்தைப் பார்க்கிறது. உள்ளங்கையால் தடவிப் பார்க்கிறது. 'இன்று மாத்திரம் கழிவு' என்ற அறிவித்தலைப் பார்க்கிறது. காபெற் எத்தனை ஆண்டு உழைக்கும் என்பதைப் பற்றி இம்மூன்றும் எமக்கு எதையும் சொல்வதில்லை. மிகவும் மெதுமெதுப்பாக இருப்பது பல வேளைகளில் மிக விரைவாக நசிந்து போவதாகவும் இருக்கிறது.

ஓர் எளிய கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஆயிரம் பவுணுக்கு வாங்கிய காபெற் 5 ஆண்டில் பாழாகிறது என்றும், ஆயிரத்து எண்ணூறு பவுணுக்கு வாங்கியது 15 ஆண்டு உழைக்கிறது என்றும் உதாரணத்துக்கு வைத்துக்கொள்வோம். விரிப்பதற்கான கூலி ஒவ்வொரு தடவையும் 200 பவுண் எனக் கொண்டால், 15 ஆண்டில் மலிவானதுக்கு மூன்று தடவை செலவிட்ட தொகை 3,600 பவுண். விலை கூடியதுக்குச் செலவிட்டது 2,000 பவுண். பணம் குறைந்தவரே கூடிய பணம் கொடுக்க நேர்கிறது என்பதுதான் இதிலுள்ள அநீதி. ஆனால் இங்கு ஒன்றைக் கவனிக்க வேண்டும். விலை கூடியது எல்லாம் நீடித்து உழைக்கும் என்று எவரும் உறுதி கூற முடியாது. விலைச்சீட்டைக் கொண்டு ஆயுளை அறிய முடியாது என்பதாலேயே வேறு அடையாளங்களை நாம் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

காபெற் இவ்வளவு மலிந்தது எவ்வாறு? இங்கிலாந்தின் அக்ஸ்மின்ஸ்ரர் என்ற ஊரில் தோமஸ் விற்றி என்பவர் 1755 ஆம் ஆண்டில் கம்பளம் நெய்யத் தொடங்கிய காலத்தில் அது பிரபுக்களின் மாளிகைகளுக்கு உரிய பொருளாக இருந்தது. அமெரிக்காவின் ஜோர்ஜியா மாநிலத்திலுள்ள டால்ரன் என்ற ஊரில் 1895 ஆம் ஆண்டில் கதரின் எவன்ஸ் என்ற பதினைந்து வயதுச் சிறுமி துணியில் நூற்குஞ்சங்களைக் குத்திக் கட்டில் விரிப்பொன்றைச் செய்தாள். அந்தக் கைவேலை அவ்வூரின் குடிசைத் தொழிலாகிப் பின்னர் இயந்திரத் தொழிலாயிற்று. இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் அதே குத்தும் முறையில் அகலமான காபெற்றுகளை உற்பத்தி செய்யும் இயந்திரங்கள் வந்தன. நெய்வதற்குப் பதிலாக, ஆயத்தமாக உள்ள அடித்துணியில் நூற்றுக்கணக்கான ஊசிகள் ஒரே வேளையில் நூலைக் குத்தி இறக்கிவிடுகின்றன. அந்த நூல் கழன்று வராதபடி பின்புறத்தில் பசை பூசி, இன்னொரு துணியை ஒட்டிவிடுகிறார்கள். இன்று கடைகளில் காணும் காபெற்றில் மிகப் பெரும் பகுதி இவ்வாறு உருவானதே. டால்ரன் நகரம் தன்னை உலகின் காபெற் தலைநகரம் என்று அழைத்துக்கொள்கிறது.

சாதாரண மக்களின் வீட்டுக்குள் காபெற் வந்தது இந்த முறையினாலேயே. அதனைக் குறை கூறுவதற்கில்லை. ஆனால் நெய்த கம்பளத்தில் நூலைத் தாங்கிப் பிடிப்பது நெசவு. குத்திய காபெற்றில் தாங்கிப் பிடிப்பது பசை. எவ்வளவு நூலைக் குத்துவது, எவ்வளவு முறுக்குவது, எத்தகைய பசையைப் பூசுவது என்பவற்றில் உற்பத்தியாளர் சிக்கனம் பிடிப்பதற்கு நிறைய இடமிருக்கிறது. பிடித்த சிக்கனம் கடையில் தெரியாது. மூன்றாம் ஆண்டில் வீட்டில் தெரியும்.

முதலில் இழையைப் பற்றிப் பார்ப்போம். வலஸ் கரோதர்ஸ் என்ற இரசாயனவியலாளர் 1935 ஆம் ஆண்டில் டுபொன்ற் நிறுவனத்தின் ஆய்வுகூடத்தில் உருவாக்கிய நைலோன், செயற்கை இழைகளுள் நடமாட்டத்தை நன்கு தாங்கக்கூடியது. மிதித்தால் நசிந்து, காலை எடுத்ததும் மீண்டும் நிமிரும் தன்மை அதற்கு அதிகம். பிள்ளைகள் ஓடித்திரியும் வீட்டுக்கும், படிகளுக்கும், வாசலிலிருந்து உள்ளே செல்லும் நடைவழிக்கும் செயற்கை இழைகளுள் அதுவே ஏற்றது. பொலியெஸ்ரர் மென்மையானது, பளிச்சென்ற நிறங் கொண்டது, விலை குறைந்தது. ஆனால் நசிந்த பின் நிமிரும் ஆற்றலில் நைலோனுக்குப் பின்னால்தான் நிற்கிறது. அதிகம் நடமாட்டமில்லாத படுக்கையறைக்கு அது போதுமானது. பொலிபுரொப்பிலீன் நீரை உறிஞ்சாது, நிறத்தை இலகுவில் இழக்காது, மிகவும் மலிவானது. ஆயினும் ஒரு தடவை நசிந்தால் அது பெரும்பாலும் நசிந்ததுதான். அத்துடன் ஏறத்தாழ 165 பாகை செல்சியசில் அது உருகிவிடும். பாரமான அலுமாரியை அதன்மேல் வேகமாக இழுத்தால் உராய்வின் சூடே தழும்பை உண்டாக்கக்கூடும்.

கம்பளி இவற்றுள் பழையது. நசிந்து நிமிர்வதில் மிகச் சிறந்தது, அழுக்கை வெளிக்காட்டாமல் மறைத்து வைத்திருப்பது, இலகுவில் தீப்பற்றாதது. ஆனால் விலை கூடியது. அந்துப்பூச்சியின் புழுக்கள் அதனை உண்ணும். உராய்ந்து தேய்வதை நைலோன் அளவுக்கு அது தாங்காது. ஆகையால் பிரித்தானியாவில் 80 சதவீதம் கம்பளியும் 20 சதவீதம் நைலோனும் சேர்ந்த கலவை நெடுங்காலமாக நன்மதிப்புப் பெற்றிருக்கிறது. ஒன்றின் குறையை மற்றது ஈடுசெய்யும் கலவை அது.

எமது வீடுகளுக்கென்று சில சிறப்பான பிரச்சினைகள் உண்டு. மேலைநாட்டவர் எழுதும் வழிகாட்டிகளில் அவற்றைக் காண முடியாது. முதலாவது மஞ்சள். எமது கறியிலுள்ள மஞ்சள் வெறும் கறையன்று, அது சாயம். ஒரு காலத்தில் துணிக்கே சாயமிடப் பயன்பட்ட பொருள் அது. கம்பளியும் நைலோனும் சாயத்தை ஏற்கும் இழைகள் ஆதலால் மஞ்சளையும் ஆவலோடு ஏற்றுக்கொள்கின்றன. பொலிபுரொப்பிலீன் சாயத்தை எளிதில் ஏற்காது. ஆனால் அதற்கு எண்ணெயுடன் உறவு அதிகம்; பொரித்த எண்ணெயும் தலைக்கு வைத்த நல்லெண்ணெயும் அதில் ஒட்டிக்கொள்ளும்; ஒட்டிய எண்ணெயில் தூசு ஒட்டும். ஆகவே, சாப்பாட்டு மேசைக்குக் கீழே எந்தக் காபெற்றை விரிப்பது என்று கேட்பவர்களுக்கு எனது பதில், எதையும் விரிக்காதீர்கள் என்பதே. இரண்டாவது சுவாமி அறை. விளக்குத் திரியிலிருந்தோ கர்ப்பூரத் தட்டிலிருந்தோ விழும் ஒரு பொறி செயற்கை இழையை உருக்கித் துளையாக்கிவிடும். அந்த இடத்தில் கல்லோ ஓடோ பதித்த தரையே பொருத்தம். நீடித்து உழைக்கும் காபெற்றைத் தெரிவு செய்வதென்பதில், காபெற் தேவையற்ற இடத்தைத் தெரிந்துகொள்வதும் அடங்கும்.

இழைக்கு அடுத்தது அடர்த்தி. உண்மையில் இழையின் பெயரை விட முக்கியமானது இதுவே. நைலோன் என்றதும் மயங்கி, ஐதான நைலோனை வாங்குவதை விட அடர்த்தியான பொலியெஸ்ரரை வாங்குவது மேலாக இருக்கலாம். நூற்குஞ்சங்கள் நெருக்கமாக நின்றால் ஒன்றையொன்று தாங்கி நிற்கும். ஐதாக நின்றால் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து படுத்துவிடும். வயலில் நெருக்கமாக நிற்கும் பயிர் காற்றுக்கு நிமிர்ந்து நிற்பதும் தனித்து நிற்பது சாய்வதும் நாம் கண்டதுதானே.

விற்பனையாளர்கள் பெரும்பாலும் காபெற்றின் நிறையைச் சொல்வார்கள். 'இது நாற்பத்தைந்து அவுன்ஸ், அது முப்பத்தாறு அவுன்ஸ்தான்' என்பார்கள். ஒரு சதுர யார் பரப்பிலுள்ள குஞ்சங்களின் நிறை அது. ஆனால் நிறை மாத்திரம் அடர்த்தியைக் காட்டாது. குஞ்சத்தை உயரமாக விட்டாலும் நிறை கூடும். அமெரிக்கத் தொழிற்றுறையினர் பயன்படுத்தும் ஒரு கணக்கு இருக்கிறது. அவுன்ஸில் உள்ள நிறையை 36 ஆல் பெருக்கி, குஞ்சத்தின் உயரத்தை அங்குலத்தில் எடுத்து அதனால் வகுக்க வேண்டும். முக்கால் அங்குல உயரமுள்ள 45 அவுன்ஸ் காபெற்றின் அடர்த்தி 2,160. அங்குலத்தில் பத்தில் நான்கு பங்கு உயரமுள்ள 36 அவுன்ஸ் காபெற்றின் அடர்த்தி 3,240. நிறை குறைந்ததே ஒன்றரை மடங்கு அடர்த்தியானது என்பதைக் கவனியுங்கள். உயரமான குஞ்சம் கையால் தடவும்போது சுகமாக இருக்கும். குட்டையாகவும் நெருக்கமாகவும் நிற்பது காலால் மிதிக்கும்போது நிலைக்கும்.

கணக்குப் போட விரும்பாதவர்களுக்கு இலகுவான வழியும் உண்டு. மாதிரித் துண்டை எடுத்து, குஞ்சம் வெளிப்பக்கமாக இருக்கும்படி மடித்துப் பாருங்கள். மடிப்பில் அடித்துணி பளிச்சென்று தெரிந்தால் அதனை வைத்துவிட்டு அடுத்ததைப் பாருங்கள். விரலால் குஞ்சத்தை அழுத்தி, அடிவரை விரல் எவ்வளவு எளிதாகப் போகிறது என்றும் பாருங்கள். இதற்குப் படிப்போ கருவியோ வேண்டியதில்லை.

மூன்றாவது முறுக்கு. நூலை எத்தனை தடவை முறுக்கியிருக்கிறார்கள் என்பது அதன் நுனி பிரியாமல் இருப்பதைத் தீர்மானிக்கிறது. ஓர் அங்குலத்தில் ஐந்தும் அதற்கு மேலும் முறுக்கு இருந்தால் நல்லது எனலாம். மூன்று முறுக்குள்ள நூலின் நுனி சில ஆண்டுகளில் பழைய தூரிகையின் நுனிபோல் விரிந்துவிடும். கண்ணுக்கு அருகில் பிடித்துப் பார்த்தால் கயிறு போல் இறுகிய நூலையும் பஞ்சு போல் தளர்ந்த நூலையும் எவரும் வேறுபடுத்திவிடலாம்.

நான்காவது, எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கும் அடிவிரிப்பு. எமது மக்கள் மிச்சம் பிடிக்க முற்படும் முதல் இடம் இதுதான். 'யாருக்குத் தெரியப் போகிறது' என்று பழைய அடிவிரிப்பின் மேலேயே புதிய காபெற்றை விரித்துவிடுகிறார்கள். காபெற்றின் பின்புறத்துப் பசை வெடித்துப் போகாமல் காப்பது அடிவிரிப்பு. ஒவ்வொரு காலடியையும் தாங்கி அதன் வேகத்தைக் குறைப்பதும் அதுவே. ஆனால் தடிப்பாக இருந்தால் நல்லது என்று எண்ணுவது தவறு. அளவுக்கு மிஞ்சிய தடிப்பில் காபெற் ஒவ்வொரு மிதிக்கும் வளைந்து வளைந்து, பின்புறம் விரைவில் பழுதாகும். அங்குலத்தில் பதினாறில் ஏழு பங்குக்கு மேற்படாத, இறுக்கமான அடிவிரிப்பே ஏற்றது. குட்டையான வளையக் குஞ்சமுள்ள காபெற்றுக்கு அதனிலும் மெல்லியது வேண்டும்.

இனி உத்தரவாதப் பத்திரத்துக்கு வருவோம். இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியது அதுவே. 'பதினைந்து ஆண்டு உத்தரவாதம்', 'இருபத்தைந்து ஆண்டு உத்தரவாதம்' என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பதைப் பார்த்து எம்மவர் பலர் முடிவெடுக்கிறார்கள். அதற்குக் கீழே சிறிய எழுத்தில் என்ன இருக்கிறது? தேய்வுக்கான உத்தரவாதம் என்பது பொதுவாக, குஞ்சத்தின் இழை குறிப்பிட்ட ஒரு வீதத்துக்கு மேல் தேய்ந்து அற்றுப் போவதையே குறிக்கும். ஆனால் நைலோன் முதலிய இழைகள் அவ்வாறு தேய்ந்து அறுவது மிக அரிது. வீட்டுக் காபெற்றுகளிற் பெரும்பாலானவை தேய்ந்து போவதால் கைவிடப்படுவதில்லை. நசிந்து, சடைபிடித்து, அழுக்கேறிப் பார்க்கச் சகிக்காமல் போவதாலேயே கைவிடப்படுகின்றன. நடக்காத ஒன்றுக்கு இருபத்தைந்து ஆண்டு உத்தரவாதம் கொடுப்பதால் உற்பத்தியாளருக்கு என்ன நட்டம்? நடக்கின்ற ஒன்றாகிய நசிவு பல உத்தரவாதங்களில் விலக்கப்பட்டிருக்கிறது. படிகளும் பல வேளைகளில் விலக்கப்பட்டிருக்கின்றன. ஒன்றரை ஆண்டுக்கோ இரண்டு ஆண்டுக்கோ ஒரு தடவை தொழில் முறையில் சுத்தம் செய்து, அதற்கான பற்றுச்சீட்டைக் காட்ட வேண்டும் என்ற நிபந்தனையும் வழக்கமானது. வீட்டை விற்றால் உத்தரவாதம் புதிய உரிமையாளருக்குச் செல்லாது. ஆண்டு செல்லச் செல்ல ஈடுசெய்யும் தொகையும் குறைந்துகொண்டே போகும். எனவே உத்தரவாதத்தின் ஆண்டுக் கணக்கைக் காபெற்றின் ஆயுட் கணக்காகக் கொள்வது ஏமாற்றத்தில் முடியும்.

இன்னொரு தந்திரத்தையும் சொல்லியாக வேண்டும். ஒரே காபெற்றைப் பல பெரிய கடைகள் தத்தமக்கென வேறு வேறு பெயர்களில் விற்பது இத்துறையில் பழைய வழக்கம். பெயர் வேறு என்பதால் விலையை ஒப்பிட முடியாது. அமெரிக்காவில் 1958 ஆம் ஆண்டில் நிறைவேறிய துணியிழை அடையாளச் சட்டத்தின்படி குஞ்சம் எந்த இழையால் ஆனது என்பதைச் சொல்ல வேண்டும். முறுக்கையும் அடர்த்தியையும் சீட்டில் அச்சிட வேண்டும் என்று அது கட்டாயப்படுத்தவில்லை. பாண் ஒன்றின் பொதியிலே அதில் எவ்வளவு உப்பு இருக்கிறது என்று அச்சிடப்படுகிறது. பதினைந்து ஆண்டுக்கென்று வாங்கும் பொருளில் அதன் ஆயுளைத் தீர்மானிக்கும் இரண்டு எண்களை அச்சிடுமாறு கேட்பது பேராசையாகாது. பாவனையாளர் அமைப்புகள் கேட்க வேண்டிய கேள்வி இது.

ஐரோப்பியத் தர நியமங்கள் இவ்விடயத்தில் ஓரளவு உதவுகின்றன. காபெற்றுகளை அங்கு பாவனை வகுப்புகளாகப் பிரிக்கிறார்கள். 21, 22, 23 என்பவை வீட்டுப் பாவனைக்குரியவை. இவற்றுள் 23 அதிக நடமாட்டத்துக்கு உரியது. 31 முதல் தொடங்குபவை அலுவலகம், கடை முதலியவற்றுக்கு உரியவை. இறப்பர்க் குமிழ்கள் பொருத்திய கனமான உருக்கு உருண்டையைக் காபெற் விரித்த உருளைக்குள் இட்டு, 5,000 தடவையும் 22,000 தடவையும் சுழற்றி, தோற்றம் எவ்வளவு மாறுகிறது என்று பார்க்கும் சோதனையும் இதில் அடங்கும். விற்பனையாளரின் வாக்கை விட அந்த உருண்டையின் சாட்சியம் நம்பகமானது. ஐரோப்பாவில் வாழும் வாசகர்கள், 'இது எந்த வகுப்பு' என்ற ஒரு கேள்வியையாவது கடையில் கேட்கப் பழகிக்கொள்ள வேண்டும்.

கறை பிடிக்காத காபெற் என்ற விளம்பரத்தையும் ஆயுளோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. கறையைத் தடுக்கப் பல்லாண்டு காலமாகப் பயன்பட்டவை புளோரின் கலந்த இரசாயனங்கள். இயற்கையில் எளிதில் சிதையாதவை ஆதலால் இவற்றை 'என்றென்றும் நிலைக்கும் இரசாயனங்கள்' என்று இன்று அழைக்கிறார்கள். இவற்றுள் ஒருவகையைக் கைவிடுவதாக 3எம் நிறுவனம் 2000 ஆம் ஆண்டில் அறிவித்தது. அமெரிக்காவின் மெயின் மாநிலம் இத்தகைய இரசாயனம் சேர்த்த காபெற்றுகளின் விற்பனையை 2023 ஜனவரி முதல் தடைசெய்தது. டால்ரன் பகுதியின் ஆற்றுநீரிலும் இவை கலந்திருப்பது வழக்குகளுக்கு இடமளித்துள்ளது. தவழும் குழந்தையின் கையும் வாயும் படும் இடம் காபெற். காபெற் நிலைக்க வேண்டும். அதில் பூசிய நஞ்சு நிலைக்க வேண்டியதில்லை. இந்த இரசாயனம் சேர்க்கப்பட்டுள்ளதா என்று கடையில் கேட்பதற்கு வாங்குபவருக்கு உரிமை உண்டு.

நீண்ட ஆயுளுக்குப் பெயர்பெற்றது கையால் முடிச்சிட்ட கம்பளம் என்பதையும் இங்கு குறிப்பிட வேண்டும். இலண்டனிலுள்ள விக்ரோரியா அல்பேட் அரும்பொருட்சாலையில் ஈரானிலிருந்து வந்த ஆர்டபில் கம்பளம் காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளது. அது 1539 - 40 காலப் பகுதியில் நெய்து முடிக்கப்பட்டது. பட்டு நூற் பாவில் கம்பளி முடிச்சுகள். நிறங்கள் மங்கிவிடாதபடி அரை மணித்தியாலத்துக்குப் பத்து நிமிடம் மாத்திரமே அதற்கு வெளிச்சம் காட்டுகிறார்கள். ஐந்நூறு ஆண்டை அண்மிக்கும் அக்கம்பளமும் பழுதுபார்க்கப்பட்டதே. அதன் இணைக் கம்பளத்தின் பகுதிகளைக் கொண்டே அதைச் சீர்செய்தார்கள். நெய்தவரின் திறமை பாதி என்றால் பேணியவரின் கவனம் மறுபாதி. ஆனால் முடிச்சுக் கம்பளம் வாங்க வசதியுள்ளவர்கள் இன்னொன்றையும் எண்ண வேண்டும். தென்னாசியாவின் கம்பளத் தறிகளில் சிறுவர்களின் விரல்கள் நெடுங்காலம் உழைத்திருக்கின்றன. கைலாஷ் சத்தியார்த்தி முன்னின்று 1994 இல் உருவாக்கிய ரக்மார்க் முத்திரை, இன்று குட்வீவ் என்ற பெயரில் வழங்குகிறது. சிறுவர் உழைப்பின்றி உருவான கம்பளத்துக்கான அடையாளம் அது. 2014 இல் நொபெல் சமாதானப் பரிசு பெற்றவர்களுள் சத்தியார்த்தியும் ஒருவர். நூறாண்டு நிலைக்கும் கம்பளத்துக்காக ஒரு சிறுவனின் பத்து ஆண்டுகள் அழிந்து போவதை எவரும் விரும்பார்.

வாங்கிய பின் செய்ய வேண்டியவையும் உண்டு. காபெற்றின் முதற் பகைவன் மண். சப்பாத்தில் ஒட்டி வரும் மணலின் கூர்மையான துணிக்கைகள் குஞ்சத்தின் அடிக்குச் சென்று, ஒவ்வொரு மிதிக்கும் இழையை அறுக்கின்றன. ஆகவே வாசற்படியில் பாதணியைக் கழற்றும் எமது வழக்கம் எந்த இரசாயனப் பூச்சையும் விடக் காபெற்றைக் காக்கும். வாசலில் ஒரு தும்புக் கால்மிதியும் வேண்டும். இலங்கையிலும் கேரளத்திலும் தேங்காய் மட்டையிலிருந்து பெறும் தும்பு, உப்பு நீரையே தாங்கிக் கப்பற் கயிறாகப் பயன்பட்ட இழை. சொரசொரப்பான அந்த இழை வாசலிலேயே மண்ணைத் தட்டி நிறுத்திவிடும். உள்ளே விரித்திருக்கும் விலையுயர்ந்த காபெற்றின் ஆயுளை வாசலில் கிடக்கும் எங்கள் ஊர்த் தும்பு காக்கிறது.

நடைவழிகளை வாரத்தில் சில தடவையாவது தூசுறிஞ்சியால் சுத்தம் செய்ய வேண்டும். தளபாடங்களை இடையிடையே சிறிது நகர்த்தி வைக்க வேண்டும். படிகளில் விரிப்பவர்கள் இங்கிலாந்தின் பழைய குடும்பங்களின் சிக்கனத்தைப் பின்பற்றலாம். அவர்கள் படிக்கு வேண்டியதை விடச் சற்று நீளமான துண்டை வாங்கி, உபரியை மடித்து வைத்து, சில காலத்துக்கு ஒரு தடவை மேலும் கீழுமாக நகர்த்தி விரிப்பார்கள். படியின் விளிம்பில் ஒரே இடம் தேயாமல் தேய்வு பகிரப்படும்.

இவ்வளவையும் கேட்டு, 'ஐந்து வருடத்தில் அந்த நிறமே சலித்துவிடும்; பிறகேன் பதினைந்து வருடத்துக்கு வாங்க வேண்டும்' என்று சிலர் கூறலாம். சலிப்பு இயல்பானதே. ஆனால் சலித்ததும் பிடுங்கி எறியலாம் என்ற எண்ணம் இயல்பாக வந்ததன்று. அது விற்பனையோடு சேர்த்து எமக்கு விற்கப்பட்டது. பிடுங்கிய காபெற் எங்கே போகிறது? இழை, பசை, துணி என்று வெவ்வேறு பொருள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடப்பதால் அதனைப் பிரித்து மீள்பயன்படுத்துவது கடினம். பெரும்பகுதி நிலத்தில் புதைக்கப்படுகிறது, அல்லது எரிக்கப்படுகிறது. பழைய காபெற்றுகளைச் சேகரித்து மீள்பயன்படுத்துவதற்கென கலிபோர்ணியா மாநிலம் 2010 ஆம் ஆண்டில் தனிச் சட்டமே இயற்ற வேண்டியிருந்தது. சலிக்கும் என்று அஞ்சுபவர்கள் தரையெங்கும் அமைதியான நிறத்தை விரித்து, மாற்ற விரும்பும் நிறங்களைத் திரைச்சீலையிலும் கதிரை உறையிலும் வைத்துக்கொள்ளலாம்.

இரண்டு மூன்று ஆண்டுகளில் வீடு மாறப் போகும் வாடகைக் குடியிருப்பாளருக்கு இந்த அறிவுரை முழுவதும் பொருந்தாது என்பதை ஏற்றுக்கொள்ள வேண்டும். அவர்கள் சுவரோடு சுவராக விரிப்பதில் பணத்தைப் போடாமல், சுருட்டி எடுத்துச் செல்லக்கூடிய நல்ல விரிப்பொன்றை வாங்குவதே புத்தி. கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் புதிய வீடு கட்டுவோர் சிலர் வெளிநாட்டு உறவினர் வீட்டைப் பார்த்துத் தரை முழுவதும் காபெற் ஒட்ட விரும்புகிறார்கள். ஈரப்பதன் மிக்க எமது காலநிலையில் அது பூஞ்சணத்துக்கு இடங்கொடுக்கும். குளிர்நாட்டில் வெப்பத்தைக் காக்க வந்த பொருளுக்கு, வெப்பத்தைப் போக்க நாம் வழிதேடும் நாட்டில் என்ன வேலை? ஓடு பதித்த தரையும், வேண்டும்போது விரித்துச் சுருட்டிவைக்கும் பன்பாயும் இங்கு போதும்.

காபெற் கடைக்குப் போகும் எவரும் நிறத்தைப் பார்ப்பதற்கு முன் ஐந்து கேள்விகளைக் கேட்கட்டும். என்ன இழை? நிறை எவ்வளவு, உயரம் எவ்வளவு? அங்குலத்தில் எத்தனை முறுக்கு? அடிவிரிப்பு எது? உத்தரவாதம் எவற்றை விலக்குகிறது? ஐந்துக்கும் தெளிவான விடை கிடைக்காத கடையில் பணத்தைக் கொடுக்க வேண்டியதில்லை. வீதிக்குக் காபெற் போடுபவரிடம் அடியில் என்ன போட்டீர்கள் என்று கேட்கும் துணிவு எமக்குப் பெரும்பாலும் வாய்ப்பதில்லை. கேட்டாலும் விடை கிடைப்பதில்லை. சொந்த வீட்டுக்குச் சொந்தப் பணத்தில் வாங்கும் காபெற்றைப் பற்றியாவது கேட்டுப் பழகுவோம்.